கரண்ட் இறங்கினால் ஏறும் பாட்டு

கொழும்பிலிருந்து மலையேறும் ரயிலில் முதல் இரண்டு மணி நேரம் நான் இறால் வடை தின்றதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. உளுந்து வடை போலத் தட்டையாகத் தட்டி, மேலே முழு இறாலைத் தலையோடு அழுத்திப் பொரித்திருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளையின் பழைய கணக்குப் பரீட்சைத் தாளில் சுற்றிக் கொடுத்தார் வடைக்காரர். பிள்ளை இரண்டு கணக்கு தப்புப் போட்டிருந்தது. பிறர் தப்பைக் கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை என்பதால் ரசித்துப் பார்த்தேன்.

தொழிலே அதுதான். சென்னையில் ஒரு சின்ன இசைக் கம்பெனியில் பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்பவன் நான். கீறல், இரைச்சல், வேகக் கோளாறு எதுவும் என் காதுக்குத் தப்பாது என்று எனக்கொரு கர்வம் உண்டு. இலங்கையில் சண்டை நின்றிருந்த அந்த வருஷம், எங்கள் முதலாளிக்கு ஒரு புதையல் கிடைத்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் புஷ்பராணி என்ற பெண் தன்பாட்டுக்கு உட்கார்ந்து செய்த இசை. டெக்னோ என்று இன்று சொல்கிறார்களே, அது. பாடகர் கிடையாது, பல்லவி கிடையாது. இயந்திரத்தின் ஒரே அடி நெஞ்சில் விழுந்துகொண்டே இருக்க, மேலே கீபோர்டின் துணுக்குகள் வந்து வந்து போகும்.

புஷ்பராணி அந்த வார்த்தையையே கேள்விப்பட்டதில்லையாம். குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பும்போது, அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கிய கீபோர்டையும் ஒரு டேப் ரெக்கார்டரையும் கொண்டுவந்திருக்கிறார். ‘ராணி மிக்ஸ்’ என்று கையால் எழுதி அவர் பதிந்த கேசட்டுகள் மலையகத்துப் பஸ்களில் ஓடின. பஸ்ஸில் கேட்ட ஒரு வெள்ளைக்காரர் ஒன்றை வாங்கிக்கொண்டு போக, அது எங்கெங்கோ சுற்றி முதலாளியின் காதுக்கு வந்தது. பதினோரு பாட்டுகளைத் திரட்டி ஒரே ஆல்பமாகப் போடுவது என்று முடிவாயிற்று. புஷ்பராணி மூலக் கேசட்டுகளைத் தபாலில் அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை: முழுவதும் கேட்ட பிறகுதான் கையெழுத்து.

மூன்று மாதம் அவற்றோடு மல்லுக்கட்டினேன். முடிந்த சிடியும், திருப்பிக் கொடுக்க வேண்டிய பதினோரு கேசட்டும், ஒப்பந்தத் தாளும் இப்போது என் பையில் இருந்தன. அன்று புதன்கிழமை. திங்கள் மதியத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் ஆல்பத்தையே கைவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். வீணாகப் போகவிருந்தது என் மூன்று மாத உழைப்பு.

எதிர் இருக்கையில் கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் இஞ்ச வந்த புதுசில பஸ் எல்லாம் அந்தப் பாட்டுத்தான். நடுவில ஒரு இடத்தில அப்பிடியே மேல ஏறுமே, அதுதானே?”

அது ஏற்றமல்ல, டேப் ஓட்டத்தில் கோளாறு, எல்லாப் பாட்டிலும் இருந்தது, பதினொன்றையும் சரிசெய்துவிட்டேன் என்று நான் பெருமையாக விளக்கினேன். அவர் “சரி செய்திட்டியளோ” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய் முக்கால் மணி நேரம் நின்றது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் இறங்கி டிரைவரிடம் நியாயம் கேட்கப் போயிருப்பார்கள். இங்கே ஒருவர் பாட ஆரம்பித்தார், பெட்டி முழுக்கக் கை தட்டியது.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போன ஆட்டோ பாதி ஏற்றத்தில் பின்பக்கமாக நழுவ ஆரம்பித்தது. நானும் டிரைவரும் இறங்கித் தள்ளினோம். ஸ்டியரிங்கில் யார் இருந்தது என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை. லயத்தை அடைந்தபோது முழங்கால்வரை சேறு. ஒரே கூரையின் கீழ் இருபது வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் நீளமான கட்டடம் அது. ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்கிறார்கள். பதினோராவது காம்பரா புஷ்பராணியுடையது.

நாற்பது வயதிருக்கும். கூர்மையான முகம், அதைவிடக் கூர்மையான பேச்சு. யாழ்ப்பாணத்துத் தமிழைப் புரிந்துகொள்ளத் தயாராகப் போனவனுக்கு, திருச்சியில் என் சித்தி பேசுவது போலவே காதில் விழுந்தது. “வாங்க தம்பி, கால மொதல்ல கழுவுங்க” என்றார். பாக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினில் வேலை பார்க்கும் அவர் கணவர் செல்லையா அண்ணன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் கண்ணில் நீர் வரவைக்கும் சம்பலும் தந்தார்கள். தேத்தண்ணியில் மட்டும் பால் இல்லை. தேயிலை விளையும் ஊரில் இப்படியொரு தேநீரா என்று மனசுக்குள் குறைபட்டுக்கொண்டே மூன்று கோப்பை குடித்தேன்.

சிடியைப் போட்டேன். இரைச்சல் இல்லை, தள்ளாட்டம் இல்லை, பளிங்கு மாதிரி ஒலி. பக்கத்துக் காம்பராக்காரர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். முதல் பாட்டு முடிந்தது. ஒரு தலைகூட ஆடவில்லை. இரண்டாவது முடிந்தபோது ஒரு பெண்மணி எழுந்து போய்விட்டார். ஐந்தாவதில் புஷ்பராணி கையை நீட்டி நிறுத்தினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. இது எம் பாட்டு இல்ல. ஏறவே இல்லியே.”

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் கண் வலிக்க உழைத்தவனிடம் சொல்கிற பேச்சா இது என்று கோபம்கூட வந்தது. டேப் மெதுவாக ஓடிய இடங்களை அங்குலம் அங்குலமாக நேராக்கியிருக்கிறேன் அக்கா என்றேன். அப்போது அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“அப்பல்லாம் லயத்துக்குக் கரண்டு பாக்டரியில இருந்துதான் வரும். காலையில ரோலர் போட்டாங்கன்னா இங்க கரண்டு எறங்கிரும், பல்பு செவந்துரும், ரெக்கார்டரு மெதுவாச் சுத்தும். மொதல்ல எனக்கும் எரிச்சல்தான். திருப்பிப் போட்டுக் கேட்டாப் பாட்டு மேல ஏறுது. அப்பறம் அதுக்குன்னே காத்திருந்து வாசிச்சேன். மெதுவா சுத்துனத நீங்க ஏன் நேராக்குனீங்க?”

பதிவு செய்யும்போது டேப் மெதுவாகச் சுற்றினால், திருப்பிப் போடும்போது ஒலி வேகமாகவும் உயரமாகவும் கேட்கும். இது என் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் பாக்டரி மெஷின் கரண்டை உறிஞ்சுகிற நேரத்தையே ஒரு வாத்தியமாக வைத்து ஒருத்தி வாசித்திருப்பாள் என்று எந்தப் படிப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வோல்டேஜ் இறங்கினால் ஸ்டெபிலைசர் வாங்குகிற ஊர்க்காரன் நான். மூன்று மாதமாக ஒரு ஸ்டெபிலைசராகத்தான் வேலை பார்த்திருக்கிறேன்.

செல்லையா அண்ணன் தொண்டையைச் செருமினார். வீட்டுக்கு வெளியே சிவப்புத் துண்டு தொங்கினால் மனைவி தயார் என்று அர்த்தமாம். பாக்டரி ஜன்னலில் அது தெரிந்த பிறகுதான் ரோலர் சுவிட்சில் கை வைப்பாராம். பாக்டரியை மேய்க்கும் டீமேக்கருக்கு இன்றுவரை தெரியாது என்றார். லயத்து ஜனங்கள் சிரித்த சிரிப்பில், அவர்களுக்கும் அது அன்றுதான் தெரிந்தது என்று புரிந்தது.

சிடியில் செய்ததை அவிழ்க்க வழியில்லை. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதே வேகத் திருகைக் கையால் திருப்பித் திருப்பி நேராக்கியிருந்தேன். நல்லவேளையாக மூலக் கேசட்டுகள் பையிலேயே இருந்தன, கம்பெனி லேப்டாப்பும் இருந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் எதையும் தொடாமல், திருத்தாமல், உள்ளது உள்ளபடி மறுபடி மாற்ற ஆரம்பித்தேன். பத்துப் பாட்டு முடிந்தது. பதினோராவதுதான் ஆல்பத்தின் உயிர். ‘ஏழு மணி’ என்று பெயர். ரோலர் போடும் நேரம்.

புஷ்பராணியின் பழைய ரெக்கார்டர் அதை மென்றுவிட்டது.

கேசட் காலத்து ஆட்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் பாய்ந்து நிறுத்துவதற்குள் பழுப்பு நாடா கொத்துக் கொத்தாக வெளியே வந்துவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றி நீவிப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் பிழைத்தது. ஏறுகிற இடம் மட்டும், சரியாக ஒரு நிமிஷம், கசங்கிக் கிழிந்துபோயிருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். புஷ்பராணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்தப் பாட்டின் நகல் ராகலையில் ஒரு பஸ் டிரைவரிடம் இருக்கலாம் என்றார். சனிக்கிழமை காலை இருவரும் பஸ் ஏறினோம். நுவரெலியாவில் இறங்கி மாறிய பஸ்ஸில் கியர் கம்பி டிரைவரின் கையோடு கழன்று வந்தது. அவர் அதைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். பிறகு அதைத் திரும்பச் செருகி, ஒரு கயிற்றால் கட்டி, ஒன்றும் நடக்காதது போல ஓட்டினார். சாலையோரமெல்லாம் லீக்ஸும் கரட்டும் மூட்டை மூட்டையாக நின்றன.

நாங்கள் தேடிப்போன பண்டா ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். வலப்பனைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். புஷ்பராணி சிங்களத்தில் பேச, அவர் உள்ளே போய் ஒரு டப்பாவிலிருந்து கேசட்டை எடுத்து வந்தார். போட்டோம். முதல் மூன்று நிமிஷம் அருமையாக ஓடியது. ஏறுகிற இடம் வந்ததும் வெறும் சரசரப்பு. ஒலி சுத்தமாகத் தேய்ந்துபோயிருந்தது.

பண்டா ஐயா சங்கடத்தோடு ஏதோ சொன்னார். புஷ்பராணி எனக்கு மொழிபெயர்த்தார்.

“மலையில பஸ்ஸு ஏறும்போதெல்லாம் அந்த எடத்தையே திருப்பித் திருப்பிப் போடுவாராம். அது இல்லாட்டி எஞ்சின் இழுக்காதுன்னு சொல்றாரு.”

நான் அந்தத் தேய்ந்த கேசட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஒரு மனிதர் காந்தப் பொடி உதிரும்வரை கேட்ட இடத்தை நான் கோளாறு என்று குறித்து நீக்கியிருக்கிறேன். பண்டா ஐயாவின் மனைவி பால்சோறு தந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் கேட்டேன், அந்த ஒரு நிமிஷத்தை மறுபடி வாசித்துவிட்டால் என்ன என்று. கீபோர்டு இருக்கிறது, ரெக்கார்டரும் அதேதான், அதன் ரப்பர் உருளையைச் சுத்தம் செய்தால் மெல்லாது. புஷ்பராணி உதட்டைப் பிதுக்கினார். லயத்துக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வந்து இரண்டு வருஷமாகிறது. பாக்டரியில் எத்தனை ரோலர் போட்டாலும் இங்கே பல்பு அசையாது. கரண்ட் கல்லு மாதிரி நிற்கிறது என்று அலுத்துக்கொண்டார். நல்ல கரண்ட் வந்ததற்கு வருத்தப்பட்ட ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன்.

கொட்டகலையில் இறங்கும்போது திடீரென்று நின்றார்.

“தம்பி, இருபது காம்பராவுக்கும் ஒரே வயருதான் போகுது. எல்லாரும் ஒண்ணா கேத்தலப் போட்டா?”

அன்று மாலைக்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது, வேலைக்குக் கூப்பிடும் அந்த அணிவகுப்பு இல்லாததால் எல்லோரும் வீட்டில். காலை பத்து மணிக்குள் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், இஸ்திரிப் பெட்டி, கரண்ட் அடுப்பு என்று வீட்டிலிருந்ததெல்லாம் சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. இல்லாதவர்கள் அடுத்த லயத்தில் இரவல் வாங்கி வந்தார்கள். நான் ஸ்பிரிட்டால் ரெக்கார்டரைத் துடைத்துத் தயார்செய்தேன். கீபோர்டுக்கு பேட்டரி, ரெக்கார்டருக்கு மட்டும் லயத்துக் கரண்ட்.

கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராக்காரர் கொழும்பில் வேலைக்குப் போயிருந்தார். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது, ஆனால் ஆள் குறைந்தது. “நீங்க போங்க தம்பி” என்று புஷ்பராணி ஒரு ஹீட்டர் கம்பியை என் கையில் கொடுத்தார். பதிவு நடக்கும்போது ஒலிப்பதிவுக்காரன் பதிவு அறையில் இருக்க வேண்டாமா என்று நான் இழுத்தேன். ரெக்கார்டரை அமுக்க எனக்குத் தெரியாதா என்றார். வாளித் தண்ணீரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சுவிட்சில் விரல் வைத்து நின்றேன்.

முதல் முறை செல்லையா அண்ணன் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே சமயத்தில் போட்டோம். படாரென்று லயமே செத்துப்போனது. கம்பத்தில் ஃபியூஸ் போய்விட்டது. செல்லையா அண்ணன் முணுமுணுத்தபடி ஏறி வேறு கம்பி கட்டினார்.

புஷ்பராணி இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் தாழ்வாரத்துக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். ரோலர் ஒரேயடியாகக் கரண்டை இழுக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்கும் என்றார். முதல் காம்பராவிலிருந்து வரிசையாக, முந்தின வீட்டில் போட்ட சத்தம் கேட்ட பிறகு அடுத்த வீடு போட வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்குப் பாட்டில் இடமில்லை.

இரண்டாம் முறை துண்டு அசைந்தது. முதல் வீட்டில் ‘டக்’. அடுத்தது. அதற்கடுத்தது. சுவருக்குச் சுவர் அந்தச் சத்தம் என்னை நோக்கி நடந்து வந்தது. தலைக்கு மேல் பல்பு மஞ்சளானது, காவியானது, சிவந்தது. பத்தொன்பதாவது வீட்டில் இஸ்திரிப் பெட்டி போடும் சத்தம் கேட்டதும் நான் அழுத்தினேன். பல்புக்குள் ஒரு சின்ன நெருப்புக் கம்பி மட்டும் மிச்சமிருந்தது. எனக்குப் பாட்டு கேட்கவில்லை. வாளியில் ஹீட்டர் முனகும் சத்தம்தான் கேட்டது. ஃபியூஸ் போகவில்லை. துண்டு மறுபடி அசைய, கடைசியிலிருந்து ஒவ்வொருவராக அணைத்துக்கொண்டு வந்தோம்.

பதினோராவது காம்பராவுக்கு நான் ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. உள்ளே நுழைய இடமில்லை. புஷ்பராணி டேப்பைச் சுற்றிவிட்டுப் போட்டார்.

அடி விழுந்தது. மூன்று துணுக்குகள் வந்து போயின. பிறகு மெல்ல, நிலமே சாய்வது போல, பாட்டு ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டின் சுவிட்சும் எனக்குள் தனித்தனியாகக் கேட்டது. ஏறி, ஏறி, இனி போக இடமில்லை என்கிற உச்சியில் நின்று நடுங்கியது. முதல் நாள் பாதியில் எழுந்துபோன அதே பெண்மணி இரண்டு கையையும் தூக்கி ஆட ஆரம்பித்தார். இருந்த கேத்தலிலெல்லாம் தண்ணீர் கொதித்திருந்ததால் அன்று லயம் முழுக்கத் தேத்தண்ணி. எனக்குக் கிடைத்த ஏழாவது கோப்பையில்தான் அதற்குப் பால் தேவையில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பழைய டேப்போடு லேப்டாப்பில் ஒட்டினேன். அதே கீபோர்டு, அதே ரெக்கார்டர், அதே விரல்கள். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

திங்கள் காலை கொட்டகலை கடைத்தெருவில் இருந்த போன் கடையிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் கொதித்தார். வேகக் கோளாறுள்ள சிடியை எவன் வாங்குவான், கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவரை எதிர்த்துப் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. லேப்டாப்பின் ஒலியைக் கூட்டி ரிசீவரை அதன்மேல் வைத்துவிட்டேன். கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் தாளம் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாட்டு முடிந்ததும் ரிசீவரைக் காதில் வைத்தேன்.

“அதையே முதல் பாட்டாப் போடு” என்றார் முதலாளி.

லயத்துக்குத் திரும்பி ஒப்பந்தத் தாளை நீட்டினேன். புஷ்பராணி பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடாமல், அட்டையில் என்னென்ன பெயர் வரும் என்று கேட்டார். இசை: புஷ்பராணி. ஒலித் திருத்தம்: என் பெயர். அவ்வளவுதான் என்றேன். வாசித்தவர்கள் எல்லோர் பெயரும் வர வேண்டும் என்றார். வரிசையாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் காம்பரா, கேத்தல். இரண்டாம் காம்பரா, இஸ்திரிப் பெட்டி. மூன்றாம் காம்பரா, கரண்ட் அடுப்பு. பதினொன்று வந்தபோது செல்லையா அண்ணனைக் கைகாட்டி “இவருக்கு ரோலருன்னு போடுங்க, மத்த பத்துப் பாட்டுக்கும் சேத்து” என்றார். அவர் கூச்சத்தோடு வெளியே போய்விட்டார்.

பத்தொன்பது வீடும் முடிந்தன. புஷ்பராணி குனிந்து தாளைப் பார்த்து, மேலே நான் எழுதியிருந்த ‘ஒலித் திருத்தம்’ என்ற வரியைப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார். பிறகு கீழே இருபதாவது இடத்தில் தன் கையாலேயே எழுதிவிட்டு, கையெழுத்தும் போட்டுத் தாளை என்னிடம் தந்தார்.

அந்த ஆல்பம் இன்று எந்த நாட்டில் யார் கையில் இருந்தாலும், அட்டையின் பின்பக்கம் என் பெயர் அப்படித்தான் இருக்கிறது. தொங்கல் காம்பரா, ஹீட்டர்.